ஏழாவது சட்டி

மாட்டுச் சந்தையில் வாய் பேசுவதெல்லாம் சுற்றி நிற்பவர்களுக்காக. உண்மையான பேச்சு துண்டுக்கு அடியில்தான் நடக்கும். விற்கிறவர் கையையும் தரகர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரல் விரலைப் பிடிக்கும். ஒற்றை விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் வேறு விலை. அப்படிப் பேசுகிற கைகளில் கோட்டூர் அம்மாவாசியின் வலது கைக்குத் தேனிச் சந்தையில் தனி மரியாதை இருந்தது. "அம்மாவாசி கை பொய் சொல்லாதுய்யா" என்பார்கள். வாய் சொல்லுமா என்று கேட்டால் சிரித்துக்கொள்வார்கள். அமாவாசையில் பிறந்த பிள்ளை திருடும் என்று ஒரு பேச்சு உண்டு. இவர் தரகோடு நிறுத்திக்கொண்டார் என்பதும் அவர்களே சொல்வதுதான்.

அந்தக் கை போன கதைதான் இது. ஒரே நாளில் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். அது ஏழெட்டு மாதம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் எச்சரித்துவிட்டுப் போனது.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அம்மாவாசியின் மனைவி கருத்தம்மாளுக்குப் பெரியம்மை போட்டது. பிள்ளை இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். பதினோரு நாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்ததும் அம்மாவாசி வாசலில் இறங்கி, வீரபாண்டி அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார்.

"ஆத்தா, இவளத் திருப்பிக் குடுத்துரு. ஏழு வருசம், ஏழு அக்கினிச் சட்டி, ஒன் வாசலுக்கு வந்து சேரும்."

மறுநாள் கருத்தம்மாள் தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து அம்மாவாசிக்கு ஒரு நம்பிக்கை கெட்டிப்பட்டுவிட்டது. அவள் உயிர் அந்த ஏழு சட்டிக்குள் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் ஆத்தா அவளைத் திரும்பக் கேட்பாள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சித்திரை பிறந்தால் அவர் தூக்கம் குறைவதைக் கருத்தம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆறு சட்டி குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது. எழுபத்துநாலாம் வருஷம் ஏழாவது. கோயில் முன்னால் அம்மனுக்குக் கம்பம் நட்ட அன்றே கையில் காப்புக் கட்டிக்கொண்டார். அந்தக் கம்பத்துக்கு இருபத்தோரு நாள் முல்லையாற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காப்புக் கட்டியவர் கவிச்சி தொடக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கக்கூடாது. உடம்பில் கத்தி படக்கூடாது, சவரம்கூடக் கிடையாது.

மூன்றாம் நாள் சந்தை. மலைமாட்டுக் காளை ஒன்று விலைக்கு நின்றது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதே என்பதுதான் மாடு பிடிக்கிறவனுக்கு முதல் பாடம். முப்பது வருஷமாக அதை ஊருக்கெல்லாம் சொன்னவர் அன்று முன்னங்கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. காளை பின்னால் பாய்ந்து இழுத்தது. மடக்கியிருந்த முழங்கையை விரிய விடாமல் அம்மாவாசி தாக்குப்பிடித்தார். அடுத்த கணம் ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. ஈரத் துணி கிழிந்த மாதிரி இருந்தது என்று பக்கத்தில் நின்ற தரகர் கோட்டைச்சாமி பின்னால் சொன்னார்.

வலி பெரிதாக இல்லை. அதுதான் கெட்டது. வலித்திருந்தால் பயந்திருப்பார். முழங்கை மடங்கியது, விரல்கள் ஆடின. ஆனால் மேல்கைச் சதை தோள் பக்கமாக ஏறிப் பந்து போல் நின்றது. மறுநாள் முழங்கை மடிப்பு நாவல்பழ நிறத்தில் கறுத்தது. கம்பத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது குடத்தின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தினார். கை அவரைக் கேட்காமல் தானாகக் கவிழ்ந்தது. குடம் தப்பியது இடது கையால்.

ஐந்தாம் நாள் தேனிக்குப் போனார். கடைவீதியில் கிருபாவதி என்ற டாக்டரம்மா வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாவாசியின் கையைப் பிடித்து, "மலத்திப் பிடிங்க. நான் கவுக்கப் பாப்பேன், விட்டுராதீங்க" என்றார். இரண்டு விரலால்தான் தள்ளினார். கை கவிழ்ந்தது. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் கவிழ்ந்தது.

"இது சுளுக்கு இல்ல. சதைய எலும்போட கட்டியிருக்கிற கயிறு முழங்கைகிட்ட அறுந்து மேல ஏறிருச்சு. மதுரைக்குப் போயி ஆபரேஷன் பண்ணித் திரும்பக் கட்டணும்."

"எம்புட்டு நாளைக்குள்ளம்மா?"

"ரெண்டு வாரத்துக்குள்ள. அதுக்கு மேல கயிறு சுருங்கி, கண்ட எடத்துல ஒட்டிக்கிரும். இன்னிக்கிப் போனா டாக்டருக்கு நல்ல வழி இருக்கு. நாள் போகப் போக ஒவ்வொரு வழியா அடையும்."

அம்மாவாசி மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைக் காட்டினார். "கத்தி படக்கூடாதும்மா. வெளியூர்ல ராத் தங்கவும் கூடாது. இன்னும் பதினாறு நாளு கெடக்கு."

டாக்டரம்மா சுவரிலிருந்த வேத வசனக் காலண்டரில் நாளை எண்ணினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணு சொன்னா வேதக்காரி சொல்றான்னு நெனப்பீங்க. ஒங்க வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கலந்து பேசுங்க. இன்னிக்கே பேசுங்க."

சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டில் வந்து சுளுக்கு என்றார். சொன்னால் கருத்தம்மாள் காப்பைக் கழற்றச் சொல்வாள். கழற்றினால் அவள் போய்விடுவாள். அவர் புத்தி அந்த இரண்டுக்கும் நடுவே செக்குமாடாகச் சுற்றியது. மிச்ச நாளெல்லாம் தோளிலிருந்த தரகுத் துண்டைக் கை மேல் போட்டு மறைத்துக்கொண்டே திரிந்தார். மேலே ஏறிய சதை அங்கேயே நின்றது.

திருவிழா அன்று வேப்பிலையை அடியில் கொடுத்து அக்கினிச் சட்டியை ஏந்தினார். முல்லையாற்றிலிருந்து கோயில் ஒன்றும் தூரமில்லை. பாரத்தை இடது கையில் தாங்கி, வலது கையைப் பேருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நடந்தார். கருத்தம்மாள் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். கோயில் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. இருபது அடி இருக்கும். வலது கை மெதுவாக, யாரோ பிடித்துத் திருப்புவது போல் கவிழ்ந்தது. சட்டி சரிந்து தரையில் விழுந்து உடைந்தது. கங்கு சிதறியது. மேளம் நின்றுபோனது.

கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஒரு கிழவி மட்டும் "என்ன குத்தமோ" என்றாள். கருத்தம்மாள் குடத்துத் தண்ணீரைக் கங்கின் மேல் ஊற்றிவிட்டு அவர் கையைப் பார்த்தாள். கவிழ்ந்த கையைத் திருப்ப அவர் முக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்ல" என்று ஒரு வார்த்தைதான் அவள் கேட்டாள்.

உடைந்த சட்டி கணக்கில் சேராது. அடுத்த சித்திரைக்குள் அந்தக் கை மலர்ந்து பாரம் தாங்க வேண்டும். அம்மாவாசிக்கு இனி வேறு எதுவும் முக்கியமில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சங்கரலிங்கம் கையைப் பார்த்தபோது கயிறு அறுந்து இருபத்தேழு நாளாகியிருந்தது. பொறுமையான மனிதர். ஒரு காகிதத்தைத் திருப்பிப்போட்டு இரண்டு கோடு வரைந்தார்.

"முன்னங்கையில ரெண்டு எலும்பு. இது அசையாது. இது அதைச் சுத்தி உருளும். உருண்டாத்தான் உள்ளங்கை மேல வரும். அறுந்த கயிறு இந்த உருள்ற எலும்புல கட்டியிருந்தது. இப்ப மூணு விதமாக் கட்டலாம்."

மூன்றையும் சொன்னார். முதலாவது, கயிற்றை எலும்பு வரை கொண்டுபோகாமல் பக்கத்துச் சதையோடு சேர்த்துத் தைத்துவிடுவது. சின்ன ஆபரேஷன், ஆபத்து இல்லை. கை நன்றாக மடங்கும். ஆனால் அந்தச் சதை அசையாத எலும்பைப் பிடித்திருப்பது. அதனால் உள்ளங்கையைத் திருப்பும் பலம் பாதிதான் இருக்கும்.

இரண்டாவது, முழங்கைக்கு முன்பக்கம் ஒரே வெட்டாகப் போட்டு, ஆழத்தில் இறங்கி, உருளும் எலும்பிலேயே கட்டுவது. பலம் திரும்பும். ஆனால் அந்த ஆழத்தில் விரலை நிமிர்த்துகிற நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் விரல்கள் மடங்கியபடி தொங்கும். பல பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும். சில பேருக்கு ஆகாது.

மூன்றாவது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வெட்டு. கயிற்றை இரண்டு எலும்புக்கும் நடுவே கோத்துப் பின்பக்கமாக இழுத்துக் கட்டுவது. நரம்புக்குப் பயம் குறைவு. பலமும் திரும்பும். ஆனால் இரண்டு எலும்புக்கும் நடுவில் கிண்டுவதால் அங்கே புது எலும்பு முளைத்து இரண்டையும் ஒட்டவைத்துவிடலாம். ஒட்டினால் கை திரும்பவே திரும்பாது. எந்த நிலையில் பூட்டுகிறதோ அந்த நிலைதான்.

"முதல் வாரத்துல வந்திருந்தா கயிறு கைக்கு எட்டுற தூரத்துல இருந்திருக்கும். இப்ப தேடி இழுத்துக்கிட்டு வரணும். கூடக் கிண்டணும். அதனால அந்தப் பயம் கூடுது" என்று முடித்தார் டாக்டர்.

"மூணுல சுழி சுத்தமானது எதுங்கய்யா?" என்றார் அம்மாவாசி, மாட்டுக்குச் சுழி பார்க்கிற பழக்கத்தில்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணொண்ணுலயும் ஒரு சுழி இருக்கு."

கருத்தம்மாள் முந்திக்கொண்டாள். "மொதல்ல சொன்னாகல்ல, அதையே பண்ணிக்கங்க. ஆபத்து இல்லாதது. பாதிப் பலம் போதும் நமக்கு."

"பாதிப் பலத்துல சட்டி நிக்குமாய்யா?"

"சட்டிக்கு நான் எப்படிச் சொல்றது? கஷ்டம்."

அம்மாவாசி யோசித்தார். முதலாவதில் சட்டி நிச்சயமாகப் போகும். இரண்டாவதில் விரல் போகலாம். விரல் போனால் சந்தை போகும். மூன்றாவதில் போவதானால் திரும்புதல் போகும். அது ஏற்கெனவே போனதுதானே? தரகு மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

"அய்யா, கோவிச்சுக்கக் கூடாது. வாய் எதையும் சொல்லும். இதுக்குள்ள கையக் குடுத்துச் சொல்லுங்க. பத்துப் பேருக்கு ரெண்டு வெட்டுப் போட்டா எத்தனை பேருக்குக் கை பூட்டிக்கிரும்?"

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, விளையாட்டுப் போலக் கையை நீட்டினார். அம்மாவாசி தன் இடது கையை உள்ளே விட்டார். டாக்டரின் கை அவருடைய ஒரு விரலைப் பிடித்தது. பிறகு தயங்கியது. விட்டது. இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தது. அதிலும் நிலைக்காமல் மூன்றாவது விரலைத் தொட்டுவிட்டு விலகியது.

தயங்குகிற கையோடு வியாபாரம் வைக்கக்கூடாது. இது அம்மாவாசிக்குத் தெரியாததா?

"என்ன சொன்னாக?" என்று கேட்டாள் கருத்தம்மாள்.

"ஒண்ணுதான்" என்றார்.

இரண்டு வெட்டு ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் அந்தக் கை எதையோ வாங்குவதற்கு நீட்டியது போலவே இருந்தது. ஊரில் கேலி பேசினார்கள். "அம்மாவாசிக்கு இப்பவே ஆத்தா சட்டியக் குடுத்துட்டா, நெருப்புத்தான் பாக்கி" என்றார் கோட்டைச்சாமி. அம்மாவாசியும் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அந்த ஆறு வாரம்தான்.

கட்டுப் பிரித்தபோது கை அழகாகத் திரும்பியது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நீங்களா மெதுவாத் திருப்பிப் பழகுங்க. வலிச்சா நிறுத்திருங்க. யாரும் எண்ணெய் போட்டு உருவக்கூடாது, பிடிச்சு அழுத்தக்கூடாது. அழுத்தினா எலும்பு முளைக்கும்."

பத்து நாள் சரியாக இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் முகம் கழுவத் தண்ணீர் ஏந்தும்போது, நேற்று நின்ற தண்ணீரில் கொஞ்சம் ஓரமாக ஒழுகியது. மறுநாள் இன்னும் கொஞ்சம். அம்மாவாசி இதையும் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் தினமும் தொட்டியருகே போய் நின்று தண்ணீரை ஏந்திப் பார்த்தார். தினமும் குறைந்தது. கைக்குள்ளே ஏதோ ஒன்று, சத்தமில்லாமல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தது.

அப்போதே மதுரைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். அவர் மாட்டுக்காரர். முரண்டு பிடிக்கிற காளையை என்ன செய்வார்கள்? வசக்குவார்கள். தினமும் கட்டி, பாரம் ஏற்றி, வலிக்க வலிக்க வழிக்குக் கொண்டுவருவார்கள். அம்மாவாசி கையை வசக்க ஆரம்பித்தார். தொழுவத்தில் முழங்கையைக் கட்டுத்தறியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு, முஷ்டியில் ஒரு கம்பைப் பிடித்து, கம்பின் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிடுவார். கல்லின் பாரம் கையை வெளிப்பக்கம் திருப்பும். டாக்டர் மற்றவர்கள் அழுத்தக்கூடாது என்றுதானே சொன்னார். இது தன் கை, தன் கல். பல்லைக் கடித்துக்கொண்டு நூறு வரை எண்ணுவார். முழங்கை கொதித்தது. வலிக்க வலிக்க, கை வழிக்கு வருகிறது என்று நினைத்தார். வாரத்துக்கு வாரம் கல் பெரிதானது.

விடிகிற நேரத்தில் கட்டுத்தறியில் கல் மோதுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். கருத்தம்மாள் ஒருநாள் வந்து நின்று அழுதாள். "எனக்காகத்தான் இந்தப் பாடுன்னா எனக்கு வேணாங்க. வர்றது வரட்டும்."

"வாயக் கழுவுடி" என்று கத்தினார். அவளை அவர் அப்படிப் பேசியதே இல்லை. கத்தியது கோபத்தால் அல்ல.

கார்த்திகையில் கல்லுக்கும் கை அசையவில்லை. மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் சங்கரலிங்கம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு எலும்புக்கும் நடுவே வெள்ளையாகப் பாலம் போட்ட மாதிரி ஒன்று நின்றது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி பூட்டியிருந்தது. இது நன்றாக முற்றிய பிறகு, ஒரு வருஷமாவது கழித்து, வெட்டிப் பார்க்கலாம். ஆனால் மறுபடியும் வளராது என்று சொல்ல முடியாது என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது அம்மாவாசி கல்லைப் பற்றிச் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விரலெல்லாம் நல்லா இருக்குல்லங்கய்யா" என்றார் அம்மாவாசி.

விரல் நன்றாகத்தான் இருந்தது. சந்தையில் அதற்கு வேலை இருக்கவில்லை. கவிழ்ந்த கை ஆகாத கை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவர் துண்டை எடுத்தால் எதிரே இருப்பவருக்கு அவசர வேலை வந்துவிடும். கோட்டைச்சாமிகூட ஒருநாள், "வெள்ளாமை முடியட்டும் மாமா, பாப்போம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விரலைக் காப்பாற்ற எடுத்த முடிவு அப்படி முடிந்தது. சோற்றைக் கரண்டியால் சாப்பிடப் பழகினார்.

அவர் அதற்கெல்லாம் கலங்கவில்லை. சித்திரை வந்துகொண்டிருந்தது. பங்குனிக் கடைசியில் கருத்தம்மாளுக்கு இரண்டு நாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான். அம்மாவாசி இரண்டு நாளும் அவள் நெற்றியில் கொப்புளம் தெரிகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்ட அன்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருஷமாக மூடிவைத்திருந்ததை அவளிடம் கொட்டினார். "சட்டி போகலன்னா ஆத்தா ஒன்னயக் கேப்பா. என் கை போச்சு. நான் என்னத்தச் செய்ய?"

கருத்தம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "முடியாதவுகளுக்கு வீட்டாளுக தூக்குறது வழக்கந்தானே. மேலத்தெரு ராக்கம்மா அவ மகனுக்காகத் தூக்கலையா? நீங்களே பாத்தீகளே."

பார்த்திருந்தார். வருஷா வருஷம் நூறு பேர் அப்படித் தூக்குவதைப் பார்த்திருந்தார். தன் நேர்த்திக்கடனுக்கு அது பொருந்தும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பயம் பாதி, தன் கையால்தான் அவள் பிழைத்தாள் என்ற ஆம்பளைக் கர்வம் மீதி.

அந்தச் சித்திரையில் கருத்தம்மாள் காப்புக் கட்டிக்கொண்டாள். இருபத்தோரு நாளும் கம்பத்துக்கு அவளே தண்ணீர் ஊற்றினாள். திருவிழா அன்று அக்கினிச் சட்டி அவள் கையில் ஏறியது. அம்மாவாசி பக்கத்தில் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போன வருஷம் சட்டி உடைந்த இடம் வந்தபோது அவர் நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. இருபது அடியையும் கடந்து வாசலில் போய் நின்று சட்டியை இறக்கினாள். ஏழாவது சட்டி சேர்ந்துவிட்டது.

பூசாரி திருநீற்றோடு வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதப் போன வருசமே செஞ்சிருக்கலாமே அம்மாவாசி? காப்புக் கட்டின மூணாம் நாளே கை போச்சுன்னு வந்து சொல்லியிருந்தா, காப்ப அவிழ்த்து இந்தப் பிள்ளைக்குக் கட்டிவிட்டிருப்பேன். நீ அன்னிக்கே மதுரைக்குப் போயிருக்கலாம்."

அம்மாவாசி பழக்கத்தில் வலது கையை நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தது. பூசாரி கவனிக்காமல் போட்ட திருநீறு புறங்கையில் விழுந்து, வழுக்கி, தரையில் கொட்டியது.

"ஒங்கிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார் கருத்தம்மாளிடம்.

"ஆமா" என்றாள் அவள். சட்டிச் சூட்டில் கொப்புளம் கண்டிருந்த தன் கையில் திருநீற்றை வாங்கி அவர் நெற்றியில் பூசினாள்.